தனித்திருக்குங் காலத்துக் கைப்பேசிப் பற்று



பற்று என்னும் சொல்லை நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். பொன்மேற் பற்று, மண்மேற் பற்று என்று பிரசாரகர்கள் அடுக்கிச் சொல்லும்போது கேட்போர் தலையசைக்கின்றனர். பொன்னும் மண்ணும் நம்மவரிற் பெரும்பாலோரிடம் இல்லாத பொருள்களாகையால், அவற்றின்மேற் பற்று வையாதிருத்தல் நமக்கு அத்துணைக் கடினமன்று. ஆனால் அவ்வாறு தலையசைப்போரின் சட்டைப் பையில் ஒரு பொருள் இருக்கிறது. பிரசங்கம் முடிவதற்குள் இரண்டு மூன்று முறையேனும் அது வெளியே எடுத்துப் பார்க்கப்படுகிறது. அப்பொருளைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

கைப்பேசியைச் சபிப்பது என் நோக்கமன்று. அதைச் சபித்துப் பேசும் சொற்பொழிவுகள் பல உள; அவை பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே நமக்கு வந்து சேர்கின்றன. மனிதன் தனித்து விடப்பட்ட காலத்தில் இக்கருவி அவனை எவ்வாறு பற்றிக்கொள்கிறது, அல்லது அவன் அதனை எவ்வாறு பற்றிக்கொள்கிறான் என்பதே நாம் ஆராய வேண்டுவது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்றென அறிவித்தது. அம்மாதம் 25-ஆம் நாள் முதல் இந்திய நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. முதலில் 21 நாட்கள் என்றனர். பின்னர் அது படிப்படியாக மே 31 வரை நீண்டது. ஆலைகள் மூடின. கட்டட வேலை நின்றது. பிழைக்கவந்த ஊரில் கூலியின்றி, வாடகை கொடுக்க வகையின்றி, பல்லாயிரவர் சொந்த ஊர் நோக்கி நடந்தனர். தொழிலாளர்க்கென்று தனி இரயில்கள் மே 1-ஆம் நாள்தான் ஓடத் தொடங்கின. அந்நாட்களில் வழியில் நடப்போனுக்கும் வீட்டில் காத்திருப்போர்க்கும் இடையே இருந்த ஒரே இழை கைப்பேசி. தாய் உயிரோடிருக்கிறாளா என்று அறிந்ததும் அதனாலேயே. இரயில் எப்போது என்று அறிந்ததும் அதனாலேயே. 2021-இல் 18 முதல் 44 வயதுள்ளோர் தடுப்பூசிக்கு இன்டர்நெட் வழியாகப் பெயர் பதியவேண்டும் என்றபோது, கைப்பேசி இல்லாதவன் ஊசிக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையை நாடி நின்றான். ஆகையால் இதனை வீண் பொருளென்று கூறுவோர் அக்காலத்தை மறந்தவர்களே.

பிள்ளைகளின் நிலை வேறு. பள்ளிகள் மூடப்பட்டன, பல மாநிலங்களில் தொடக்கப் பள்ளிகள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு திறக்கவில்லை. பாடம் கைப்பேசிக்குள் வந்தது. ‘அசர்’ என்னும் கல்வி நிலை ஆய்வின்படி, நாட்டுப்புறத்துப் பள்ளிப் பிள்ளைகளில் ஸ்மார்ட்போன் உள்ள வீட்டினர் 2018-இல் நூற்றுக்கு 36.5, 2020-இல் 61.8, 2021-இல் 67.6. மூன்றே ஆண்டுகளில் இவ்வளவு வீடுகளில் வேறெப்பொருள் நுழைந்தது? அவ்வீடுகளெல்லாம் செல்வம் பெருகியா அதனை வாங்கின? நம் குடியிருப்பில் வீட்டு வேலை செய்யும் தாய் ஒருவர், மகனுடைய வகுப்பிற்கென்று காதுத் தோட்டை அடகு வைத்துக் கைப்பேசி வாங்கினார். பள்ளி திறந்தது, தோடும் மீண்டது. மகன் மட்டும் இரவு மூன்று மணி வரை அதனோடு படுத்திருந்து, காலையில் எழ மாட்டாமல், பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டான். அவனை நாம் பழித்துப் பயனில்லை. பதினோரு வயதில் அவனைத் தனியே ஓர் அறையில் இருத்தி, அக்கருவியைக் கையிற் கொடுத்து, இதுவே உன் பள்ளி, இதுவே உன் தோழன், இதுவே உன் விளையாட்டிடம் என்று சொன்னவர்கள் பெரியவர்களாகிய நாம்.

தனிமை ஊரடங்கோடு ஒழிந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பிற மாநிலத்தில் எட்டுப்பேர் தங்கும் அறையில், மொழி தெரியாத ஊரில், ஓய்வு நாளைக் கழிக்கும் இளைஞன் தனியன். இரவெல்லாம் அடுக்குமாடி வாயிலில் நாற்காலியிட்டு அமரும் காவலாளி தனியன். மக்கள் வேலைக்குச் சென்றபின் வீட்டிலிருக்கும் மூதாட்டி தனியள். வேலையிழந்து, அதனை வெளியிற் சொல்ல வெட்கி, தெருவில் இறங்காதிருப்பவனும் தனியனே. நகரத்தில் நம்மவர் பலருக்கு 2020 ஒரு தொடக்கமன்று. ஏற்கெனவே இருந்ததை ஊருக்கெல்லாம் பொதுவாக்கிய ஆண்டு.

இனி, இது நிகழும் முறையைக் காண்போம். பகவன் புத்தர் போதித்த பன்னிரு சார்பினை நீங்கள் கற்றிருக்கிறீர்கள். மணிமேகலை அதனைப் பெரும்பாலும் தமிழ்ச் சொற்களாலேயே தருகிறது. அவற்றுள் நமக்கு இங்கு வேண்டுவன நான்கு: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. புலன் பொருளைத் தொடுதல் ஊறு. அத்தொடுகையால் இன்பமாகவோ துன்பமாகவோ இரண்டுமற்றதாகவோ உண்டாகும் உணர்ச்சி நுகர்வு. இன்பம் நீடிக்கவேண்டும், துன்பம் நீங்கவேண்டும் என்னும் தாகம் வேட்கை. அது முற்றிப் பிடித்துக்கொள்வது பற்று.

கைப்பேசியைப் பற்றிப் பேசுவோர் பலரும் இன்பத்தையே காரணமாகச் சொல்கின்றனர். அதில் வரும் வேடிக்கையும் பாட்டும் மனத்தை இழுக்கின்றன என்கின்றனர். இது பாதி உண்மையே. தனித்திருப்பவனைக் கவனித்துப் பாருங்கள். அவன் கை சட்டைப்பைக்குப் போவது இன்பம் தேடியன்று. உள்ளே ஒரு சிறு துன்பம் எழுகிறது: சலிப்பு, அல்லது நாளையைப் பற்றிய அச்சம், அல்லது என்னை யாரும் நினைக்கவில்லை என்னும் எண்ணம். அதை ஒரு நொடியும் தாங்க மனம் ஒப்பவில்லை. கை போகிறது. திரை ஒளிர்கிறது. துன்பம் நீங்கவில்லை, மறைகிறது. இவ்வாறு நாளொன்றுக்கு நூறு முறை மறைத்தவன், துன்பத்தைத் தாங்கும் வலிவையே இழந்துவிடுகிறான். பின்பு தனிமை முன்னிலும் கொடிதாகத் தோன்றுகிறது. கை முன்னிலும் விரைந்து போகிறது. தனிமை கைப்பேசியை வளர்க்க, கைப்பேசி தனிமையை வளர்க்கிறது. எது முந்தியது என்று கேட்பது, விதை முந்தியதா மரம் முந்தியதா என்பதைப் போன்றது. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுகிறது என்றறிந்தால் நமக்குப் போதும்.

மனம் இவ்வாறிருக்க, கருவியைச் செய்தோரும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க நாட்டு உளவியல் அறிஞர் ஸ்கின்னர் என்பவர் ஃபெர்ஸ்டர் என்பாரோடு சேர்ந்து 1957-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். புறாக்களைப் பெட்டிக்குள் வைத்து, ஒரு வில்லையைக் கொத்தினால் தானியம் விழுமாறு செய்து கண்ட முடிவுகள் அதில் உள. கொத்துந்தோறும் தானியம் விழுமாயின், பறவை வேண்டியபோது கொத்தும். விழுவது நின்றுவிட்டால் விரைவில் விட்டுவிடும். ஆனால் சிலபோது மூன்றாங் கொத்திலும், சிலபோது முப்பதாங் கொத்திலும் என, எப்போது விழும் என்று அறியவொண்ணாதபடி வைத்தால், பறவை ஓயாது கொத்துகிறது. தானியம் அடியோடு நின்றபின்னும் நெடுநேரம் கொத்துகிறது. சூதாட்டப் பொறிகள் இயங்குவது இம்முறையினாலேயே. கைப்பேசியை எடுத்துப் பார்ப்பதும் அவ்வாறே. பத்து முறை பார்த்தால் ஒன்பது முறை ஒன்றுமில்லை. பத்தாம் முறை யாரோ ஒருவர் நம்மை நினைத்து ஒரு சொல் அனுப்பியிருக்கிறார். அந்த ஒன்பதே பத்தின் சுவையைக் கூட்டுகிறது. உண்டு நிறைந்த புறாவைவிடப் பசித்த புறா மிகுதியாகக் கொத்தும். தனித்திருப்பவன் பிறர் சொல்லுக்குப் பசித்திருப்பவன்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு; நாடகத்துக்குத் திரை விழும்; கதைக்கு முற்றும் என்று எழுதுவார்கள். 2006-ஆம் ஆண்டில் ஆசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், திரையைத் தள்ளத்தள்ள அடியே வராதபடி மேலும் மேலும் பொருள் வந்துகொண்டிருக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். முகநூலில் விருப்பக்குறி 2009-இல் வந்தது. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின், மாதம் முழுவதற்கும் ஒரு ஜி.பி. வைத்துச் சிக்கனமாகச் செலவிட்டவர்கள் நாளொன்றுக்கு ஒரு ஜி.பி. செலவிடலாயினர். முடிவில்லாப் பக்கமும், குறையாத டேட்டாவும், வேலையற்ற பகலும் 2020-இல் ஒன்றுகூடின.

நூற்பாலையில் இருபதாண்டுகளுக்குமேல் நின்றவன் யான். ரிங் பிரேமில் இழை அறுவது இயல்பு. அறுந்த இழையைப் பிடித்து ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போவோம். பஞ்சு சரியாக இருந்தால் இது பெரிய வேலையன்று. மட்டமான பஞ்சு வந்த நாட்களில் ஒன்றை ஒட்டுவதற்குள் நான்கு அறும்; ஷிப்டு முழுவதும் ஓடி ஓடி ஒட்டுவதே வேலையாகும்; நூல் மட்டும் இராது. நிமிடத்துக்கொரு முறை மணியடிக்கும் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க உட்காரும் பிள்ளைகளைக் காணும்போது அந்த நாட்களே எனக்கு நினைவு வருகின்றன. பிள்ளை சோம்பேறியல்லன், ஒட்டிக்கொண்டே இருக்கிறான்.

ஒரு கேள்வி நம் சங்கத்தாரிடையே எழுவதுண்டு. ஐந்தாம் சீலம் மயக்கந்தரும் பொருள்களை விலக்கச் சொல்கிறதே. கைப்பேசியும் அதில் அடங்காதா? அடங்கும் என்று சில பிரசாரகர்கள் மேடையில் முழங்குகின்றனர். யான் அதற்கு உடன்படவில்லை. சீலம் மதுவைச் சொல்கிறது; மதுவையே கொள்ளவேண்டும். நமக்குப் பிடிக்காத ஒவ்வொன்றையும் சீலத்துக்குள் திணித்தால், சீலம் நம் வெறுப்புகளின் பட்டியலாகிவிடும். மேலும், மதுவை முற்றும் விடலாம். கூலி வந்ததா என்று பார்க்கவும், நாளைக்கு வேலை உண்டா என்று கேட்கவும் வேண்டிய கருவியை எவ்வாறு முற்றும் விடுவது? எனினும், மதுவை விலக்கக் காரணமாகச் சொல்லப்படுவது பமாதம், அதாவது கருத்திழந்து சோர்ந்திருத்தல். அக்காரணத்தை மட்டும் எடுத்து நம்மை நாமே சோதித்துக்கொள்வது தகும். அளவோடு உண்ணுதல் என்று பிக்குகளுக்கு வகுத்த பயிற்சியே இதற்கு அணுக்கமான உவமை. உணவையும் விடமுடியாது, அளவின்றி உண்ணவும் கூடாது.

இது நோயா என்றும் கேட்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. கணினி விளையாட்டில் கட்டிழந்துபோவது அதில் நோயாகச் சேர்க்கப்பட்டுள்ளது. ஸ்மார்ட்போன் பழக்கம் அவ்வாறு தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை. ஆகவே மிகுதியாகப் பார்ப்போரையெல்லாம் நோயாளி என்றழைப்பது முறையன்று. ஆயினும் துன்புறுவோர் உளர். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ‘ஷட்’ என்னும் தனிப்பிரிவு நடைபெற்று வருகிறது. தென் கொரியாவில் 2013-இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்றின் சுருக்கத்தில் பத்து வினாக்கள் உள்ளன. அவற்றின் சாரம்: செய்ய நினைத்த வேலை இதனால் தவறுகிறதா, கழுத்தும் மணிக்கட்டும் நோகின்றனவா, கையில் இல்லாதபோது பொறுமை இழக்கிறோமா, நினைத்ததைவிட நெடுநேரம் ஆகிறதா, பக்கத்திலிருப்போர் குறை சொல்கின்றனரா. மணிக்கணக்கைவிட இவ்வினாக்களே நல்ல கோல். ஊரிலுள்ள மனைவியுடன் இரண்டு மணி நேரம் பேசுபவன் பற்றில் வீழ்ந்தவனல்லன்.

தடை போட்டால் தீராதா எனின், 2020 அதற்கும் விடை தந்தது. சூன் 29-ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. நாட்டின் பாதுகாப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. சூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. அதே செப்டம்பரில் பப்ஜியும் தடைப்பட்டது. பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குச் சென்றனர். கடை மூடினால் வேட்கை அடுத்த கடைக்குப் போகும்.

மகாராட்டிர மாநிலம் சாங்கலி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஓர் ஊர் இருக்கிறது. உழவர்களும் சர்க்கரை ஆலைத் தொழிலாளர்களும் வாழும் சிற்றூர். ஊரடங்கில் பாடத்துக்கென்று கைப்பேசி பெற்ற பிள்ளைகள் பள்ளி திறந்தபின்னும் அதனை விடாதிருப்பதைக் கண்ட ஆசிரியர்கள் ஊராட்சியிடம் முறையிட்டனர். ஆடவரிடம் முதலில் சொன்னபோது சிலர் சிரித்தனர். பின்பு பெண்களைக் கூட்டிப் பேசினர். தாங்களும் தொலைக்காட்சித் தொடர்களில் மூழ்கியிருப்பதை ஒப்புக்கொண்ட பெண்கள் இசைந்தனர். 2022 ஆகஸ்டு 15 முதல், மாலை ஏழு மணிக்குக் கோயில்மேல் வைத்த சங்கு ஒலிக்கும். ஊரார் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்துவர். எட்டரைக்கு மீண்டும் ஒலிக்கும். இடையிலுள்ள ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் படிப்பர். பெரியவர் ஒருவரோடொருவர் பேசுவர். தொடக்கத்தில் ஊராட்சிப் பணியாளரும் ஆசிரியரும் வீடுவீடாகச் சென்று நினைவூட்டினர்.

இதில் யான் கற்ற பாடம் ஒன்று. ஆலைச் சங்கு ஊதினால் ஒருவன் மட்டும் எழுந்து போவதில்லை, எல்லோரும் போகிறார்கள். ஒருவன் மட்டும் இரவு ஏழு மணிக்குக் கைப்பேசியை அணைத்தால், அவன் ஒருவனே ஊரில் தனித்துப்போகிறான். மற்றவரெல்லாம் அதற்குள்ளே இருக்கிறார்கள். பெற்றோர் கையில் திரை ஒளிர, பிள்ளையை மட்டும் அணைக்கச் சொல்வதும் இதுவே. தனிமையால் வந்த பற்றைத் தனியொருவன் மனவுறுதியால் மட்டும் தீர்க்கச் சொல்வது, நீரில் மூழ்குவோனை அவன் தலைமயிரைப் பிடித்து அவனையே தூக்கிக்கொள்ளச் சொல்வது போலாம்.

நம் மரபிலும் இதற்கோர் இணை உண்டு. மழைக்காலத்து மூன்று மாதம் பிக்குகள் ஓரிடத்தில் தங்கும் வஸ்ஸாவாசம் அது. வெளியே சுற்றித் திரியாமையால் அதுவும் ஒருவகை ஊரடங்கே. ஆனால் அங்கே பொழுதுக்கு ஒழுங்குண்டு. கற்பதற்கும் அமர்வதற்கும் துணையுண்டு. மூன்று மாதம் முடிந்தவுடன் பவாரணை என்னும் நாளில் ஒவ்வொருவரும் தம் தோழரிடம், என்பால் குறை கண்டதும் கேட்டதும் உண்டாயின் சொல்லியருள்க என்று வேண்டிக்கொள்வர். ஒரு வீட்டில் மாதம் ஒருமுறை இவ்வாறு தந்தை மகனிடம் கேட்பாராயின், மகன் முதலில் என்ன சொல்வான் என்று யான் கூறவேண்டியதில்லை.

பயிற்சிக்குச் சில சொல்கிறேன். கை பைக்குள் போகும்போது ஒரு மூச்சளவு நின்று, இப்போது உள்ளே இருப்பது என்ன என்று பெயரிடுங்கள்: சலிப்பு, அச்சம், கோபம், அல்லது உண்மையிலேயே ஒரு வேலை. வேலையாயின் எடுத்து முடித்து வையுங்கள். நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையே உள்ள கண்ணி அதுவே. அங்கேதான் சங்கிலி நெகிழும். படுக்கையில் கைப்பேசி வேண்டா. திரையொளி உறக்கத்தைக் கொணரும் சுரப்பைக் குறைக்கிறது, அதில் வரும் செய்தியோ அதனினும் கெடுதல் செய்கிறது. எழுப்புமணிக்கு வேண்டுமென்பார், சந்தையில் ஒரு மணிக்கூடு வாங்கிக்கொள்ளலாம். வந்த செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒலிக்கும் ஓசையை நிறுத்தி, அழைப்புக்கு மட்டும் ஒலிக்கவிடுங்கள். இரவுக் காவலிலிருக்கும் தம்பிமாருக்கு இவையெல்லாம் பொருந்தா என்பதறிவேன். அவர்கள் விழித்திருக்கவே அது வேண்டும். அவர்கள் தள்ளிக்கொண்டே போகும் காட்சிகளை விடுத்து, ஏதேனும் ஒரு நூலின் ஒலிப்பதிவைக் கேட்பது நலம். உறக்கமும் உணவும் கெட்டு, உயிரை வெறுத்துப் பேசும் நிலை யாரிடமேனும் காணின், அறவுரை கூறிக் காலங்கழிக்காதீர்கள். 2022 அக்டோபர் முதல் நடைபெறும் டெலி மானஸ் என்னும் அரசு உதவிக்கு 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். பல மொழிகளில் பேசுவோர் உளர்.

கடைசியாக நம் சங்கத்தைப் பற்றியது. 2020-இல் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கைப்பேசிக் குழுவுக்கு மாற்றினோம். வேறு வழியில்லை. கூட்டம் மண்டபத்துக்குத் திரும்பியபின்னும், முன்பு தவறாது வந்தவர்களிற் சிலர் வரவில்லை. காலை வணக்கமும் புத்தர் படமும் நாள்தோறும் குழுவில் அனுப்புகிறார்கள். ஆகையால் அவர்கள் நலமென்று நாமும் இருந்துவிட்டோம். அவர்களுள் ஒரு முதியவர் கீழே விழுந்து மூன்று வாரம் படுக்கையில் இருந்தது, அவர் அனுப்பிய படங்களால் நமக்குத் தெரியவில்லை. அவ்வாறு வராதிருப்போரின் பெயர்ப் பட்டியலைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வரும் பௌர்ணமிக்கு முன் இருவர் இருவராக அவர்கள் இல்லங்களுக்குச் சென்று வருமாறு உறுப்பினரை வேண்டுகிறேன். முன்னதாக அழைத்து, வரலாமா என்று மட்டும் கேளுங்கள். சென்றபின் கைப்பேசியைச் செருப்போடு வாயிலில் வைக்கச் சொல்லவில்லை, பைக்குள்ளேயே இருக்கட்டும்.